பதினாறு வயதுப் பூட்டு

பத்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குழு ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். டியூஷனில் ஒரு மாணவி கொட்டாவி விடுகிறாள். யாரோ படம் எடுத்துவிடுகிறார்கள். இரவுக்குள் அந்த முகம் ஸ்டிக்கராகிவிடுகிறது. ஒருவர் வீட்டுப்பாடம் என்னவென்று கேட்டால் அந்த ஸ்டிக்கர். நாளைக்கு லீவா என்று கேட்டால் அதே ஸ்டிக்கர். வசவு ஒன்றும் இல்லை, மிரட்டலும் இல்லை. பத்துப் பேர் சிரிக்கிறார்கள், மீதி முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். குழுவை விட்டு விலகலாம்தான். ஆனால் தேர்வுக்கு எந்தப் பாடம் என்பதும் அங்கேதான் வருகிறது.

ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைப்படுத்தியிருக்கும் சட்டத்தை இந்த மாணவியை மனத்தில் வைத்துக்கொண்டு எடைபோட வேண்டும். பதினாறு வயது நிரம்பாதவர்கள் இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்னாப்சாட், யூடியூப், எக்ஸ் உள்ளிட்ட பத்துத் தளங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது. தடுக்கத் தவறும் நிறுவனத்துக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். அதே டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும், இதுபோன்ற சட்டத்தை மத்திய அரசு பரிசீலிக்கலாம் என்றது. ஆகவே இது நம் வீட்டு வாசலுக்கும் வந்துவிட்ட கேள்வி.

சட்டத்தின் ஆதரவாளர்கள் இரண்டு நோய்களைச் சேர்த்தே சொல்கிறார்கள்: பிள்ளைகள் போனை விட்டு எழுவதில்லை, பிள்ளைகள் இணையத்தில் சீண்டப்படுகிறார்கள். இரண்டுக்கும் ஒரே மருந்து கேட்குமா என்பதைத் தனித்தனியே பார்ப்போம்.

முதலில் மிகைப் பயன்பாடு. ஸ்னாப்சாட்டில் ‘ஸ்ட்ரீக்’ என்று ஒன்று உண்டு. இரு நண்பர்கள் நாள் தவறாமல் ஒருவருக்கொருவர் படம் அனுப்பினால் பெயருக்குப் பக்கத்தில் நெருப்புச் சின்னமும் நாள் கணக்கும் ஏறும். ஒரு நாள் விட்டால் கணக்கு போயிற்று. கெடு முடியப்போகிறது என்று மணற்கடிகாரம் வேறு எச்சரிக்கும். அனுப்பப்படும் படத்தில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது: மின்விசிறி, விட்டம், இருட்டு. சுற்றுலா போகும் பிள்ளை, கணக்கு அறுந்துவிடாதிருக்கத் தோழியிடம் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டுப் போகும். இதைப் பிள்ளையின் மன உறுதிக் குறைவு என்று மட்டும் சொல்வது நியாயமில்லை. எழுந்துபோக விடாதபடி ஆட்கள் உட்கார்ந்து வடிவமைத்த பொறி அது.

இந்த இடத்தில் சட்டத்துக்கு ஒரு மெய்யான வலு இருக்கிறது. “எல்லாரும் வெச்சிருக்காங்கம்மா, நான் மட்டும்தான் இல்லை” என்ற வாதத்துக்கு எந்தத் தாயிடமும் பதில் கிடையாது. ஒரே நாளில் எல்லாருக்கும் இல்லையென்று ஆனால் அந்த வாதம் விழுந்துவிடும். தனி வீட்டால் முடியாததைச் சட்டத்தால்தான் செய்ய முடியும்.

எதிர்த்தட்டிலும் கனம் இருக்கிறது. தென் கொரியா 2011இல், பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை இணைய விளையாட்டு ஆடத் தடை விதித்தது. பிள்ளைகள் பெற்றோரின் அடையாள எண்ணைக் கொடுத்து உள்ளே போனார்கள்; விளையாட்டு கணினியிலிருந்து கைப்பேசிக்கு இடம்பெயர்ந்தது. 2022இல் தடை விலக்கப்பட்டது. நம் கதை இன்னும் பக்கத்தில் இருக்கிறது. 2019 ஏப்ரலில் மதுரைக் கிளை டிக்டாக் பதிவிறக்கத்துக்குத் தடை சொல்லி, மூன்று வாரத்தில் நீக்கியது. 2020 ஜூனில் மத்திய அரசே முற்றாகத் தடை செய்தது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது. செயலிதான் போனது, விரல் அதே வேகத்தில் தள்ளிக்கொண்டுதான் இருந்தது.

ஆஸ்திரேலியச் சட்டத்திலும் ஓட்டை தெரிகிறது. கணக்கு இல்லாமலே யூடியூபில் காணொளி பார்க்கலாம். முதல் சில வாரங்களில் சுமார் 47 லட்சம் கணக்குகள் முடக்கப்பட்டதாக அரசு அறிவித்தது. ஒரு பிள்ளைக்கு நாலைந்து தளத்தில் கணக்கு இருக்கும். இந்த எண் கணக்குகளின் எண்ணிக்கை. எத்தனை பிள்ளைகள் மெய்யாக விலகினார்கள் என்பதைச் சொல்லாது.

பாதிப்பின் அளவு குறித்தும் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஜோனதன் ஹைட் 2024இல் வெளியான தம் நூலில், ஒரு தலைமுறையின் மனநலச் சரிவுக்கே கைப்பேசியைக் காரணமாகக் காட்டினார். எமி ஆர்பனும் ஆண்ட்ரூ பிரிபில்ஸ்கியும் 2019இல் வெளியிட்ட ஆய்விலோ, வளரிளம் பருவத்தினரின் நலத்தில் காணும் வேறுபாட்டில் டிஜிட்டல் பயன்பாட்டின் பங்கு அதிகம் போனால் 0.4 சதவீதம்தான். இரண்டாவது கணக்கு அச்சத்தைத் தணிக்கிறது. ஆனால் அது சராசரி. ஸ்டிக்கரான மாணவிக்குச் சராசரியால் ஒரு பயனும் இல்லை.

இனி அவளுடைய நோய். அவளைச் சீண்டுவது முகம் தெரியாத அந்நியனில்லை, மூன்றாவது பெஞ்ச். சீண்டல் நடக்கும் இடம் வாட்ஸ்அப். ஆஸ்திரேலியத் தடை வாட்ஸ்அப்பைத் தொடவில்லை, தகவல் பரிமாற்றச் சேவை என்று விலக்கு அளித்திருக்கிறது. டிசம்பர் 10க்கு முன்னும் பின்னும் அவளுக்கு ஒரே இரவுதான்.

இன்னொன்று இதைவிட மோசம். நம் வீடுகளில் பெண் பிள்ளை “என்னைக் கேலி பண்றாங்க” என்று சொன்னால் முதலில் பறிபோவது அவளுடைய போன்தான். அதற்குப் பயந்தே பலர் வாய் திறப்பதில்லை. தடை வந்தால் இந்தப் பயம் இரட்டிப்பாகும்: இருக்கக் கூடாத இடத்தில் இருந்தேன் என்று முதலில் ஒப்புக்கொண்டால்தான் தனக்கு நேர்ந்ததைச் சொல்ல முடியும். ஆஸ்திரேலியச் சட்டம் பிள்ளையையோ பெற்றோரையோ தண்டிப்பதில்லை. ஆனால் அந்த நுணுக்கம் நம் வீட்டுக் கூடத்தில் செல்லுபடியாகாது.

வேடிக்கை என்னவென்றால், இந்த நோய்க்கு ஏற்ற மருந்தும் ஆஸ்திரேலியாவிடமே இருக்கிறது. அதன் 2021ஆம் ஆண்டு இணையப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒரு பிள்ளையைக் கடுமையாக இழிவுபடுத்தும் பதிவு பற்றி முதலில் நிறுவனத்திடம் புகார் செய்யலாம். 48 மணி நேரத்தில் அது நீங்காவிட்டால் இணையப் பாதுகாப்பு ஆணையரிடம் போகலாம். ஆணையர் உத்தரவிட்டால் 24 மணி நேரத்தில் நீக்கியாக வேண்டும். பதிவிட்டவரை மன்னிப்புக் கேட்கச் சொல்லவும் ஆணையருக்கு அதிகாரம் உண்டு. குறுஞ்செய்திச் சேவைகளும் இதற்குள் அடங்கும். உலகம் கொண்டாடும் பூட்டைவிட, யாரும் பேசாத இந்தச் சாவி மேல்.

இந்தியாவில் நிலைமை வேறு. பல வீடுகளில் ஒரே போன், அதுவும் அம்மா பெயரில். கணக்கைப் பார்த்து வயது கண்டுபிடிப்பது வீண் வேலை. அதே சமயம் 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்க வகைசெய்கிறது. பொறியின் பல்சக்கரத்தில் கைவைக்கும் விதி அது. அதைக் கறாராக நடைமுறைப்படுத்துவது, புதிய வயது வரம்பை அறிவிப்பதைவிடக் கடினம், பலனும் கூடுதல்.

ஆகவே என் தீர்ப்பு இது. மிகைப் பயன்பாட்டுக்கு இந்தத் தடை அரை மருந்து: சேரும் வயதைத் தள்ளிப்போடும், பதினாறாவது பிறந்தநாளில் பிள்ளையை அதே பொறியிடம் ஒப்படைக்கும். சீண்டலுக்கு இது மருந்தே அல்ல; நம் சூழலில் வாயடைப்பாகவும் மாறலாம். சட்டத்தில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: பொறுப்பைப் பிள்ளை தலையிலும் பெற்றோர் தலையிலும் கட்டாமல் நிறுவனத்தின் தலையில் வைத்தது. அதை வைத்துக்கொண்டு, ஸ்ட்ரீக்கையும் நள்ளிரவு அறிவிப்புகளையும் சிறார் கணக்குகளில் நிறுத்தச் சொல்லலாம்; 24 மணி நேர நீக்கத்தைக் கேட்கலாம். பதினாறு என்ற எண்ணை அவர்களிடமே விட்டுவிடலாம்.

இதையெல்லாம் செய்த பிறகும் அந்தக் குழுவில் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த முப்பது பேர் மிச்சம். “போதும், நிறுத்துங்கடா” என்று அவர்களில் ஒருவன் எழுதுவதற்குப் பள்ளிதான் பழக்க வேண்டும். அதற்கு எந்த நாட்டுச் சட்டத்திலும் பிரிவு கிடையாது.