பார்வையாளனிடம் மிஞ்சுவது எது?
'இர மதியம' குறித்துச் சில எண்ணங்கள்

வத்தளையில் இருந்து ஹெந்தளைப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு விஜயா ஸ்டூடியோவின் நினைவு வரும். கே. குணரத்தினத்தின் அந்த ஸ்டூடியோ 1983 ஜூலைக் கலவரத்தில் எரிக்கப்பட்டது. படச்சுருள்கள் பலவும் அதோடு போயின. ஆனால் அந்நாளில் பார்த்த படங்களை எங்கள் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். ஒளிப்பதிவு யார், படத்தொகுப்பு யார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. ஒரு முகம், ஒரு சம்பவம், அவ்வளவுதான் மிஞ்சியிருக்கிறது. அப்படியானால் பார்வையாளனுக்கு ஒரு படத்தில் முக்கியமானது எது? கதையா, நடிப்பா, கமராவா, இசையா?

பிரசன்ன விதானகேயின் 'இர மதியம' (2003) படத்தைப் புத்தளத்தில் என் மனைவியின் உறவினர் வீட்டில் பார்த்தபோதுதான் இந்தக் கேள்விக்கு எனக்கொரு விடை கிடைத்தது.

படத்தில் மூன்று கதைகள். காணாமற்போன விமானியான கணவனைத் தேடும் ஒரு பெண். விடுமுறையில் வந்து, அநுராதபுரத்து விபசார விடுதியில் தன் தங்கையையே காண நேரும் ஒரு சிப்பாய். புலிகளின் கட்டளைப்படி குடும்பத்தோடு ஊரைவிட்டு வெளியேறும் அரபாத் என்ற முஸ்லிம் சிறுவன். தன் நாயை விட்டுவர மனமில்லாமல் அச்சிறுவன் படும் பாடுதான் நமது கதை.

படம் முடிந்ததும் அங்கிருந்த இளைஞர் ஒருவர் கோபத்தோடு கேட்டார்: "நம்மட வீடுகள்ல எங்க சேர் நாய் வளக்கிற? டைரக்டருக்கு நம்மட வாழ்க்கை தெரியா."

கேள்வி நியாயமானது. ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நமது வீடுகளில் நாய் செல்லப் பிராணியல்ல. காவலுக்கும் மந்தைக்கும் வளர்க்க மார்க்கத்தில் இடமுண்டு என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மூலையில் இருந்த மூத்தம்மா பேசினார். 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்தில் இருந்து இரண்டு மணித்தியால அவகாசத்தில் விரட்டப்பட்டவர் அவர்.

"நாயை விடுங்க மகன். கட்டியிருந்த ஆட்டை அவுத்துவிடக்கூட எனக்கு நேரம் கிடைக்கல்ல."

அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

வடக்கில் இருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் எழுபத்தையாயிரம் பேரளவில் என்பார்கள். அந்த எண்ணைச் சொன்னால் கேட்பவர் தலையாட்டுவார். ஆட்டைச் சொன்னதும் எல்லோரும் அமைதியாகிவிட்டோம். தெரிந்ததில் இருந்து தெரியாததற்குப் போக வேண்டும் என்று ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குக் கற்றுத் தந்தார்கள். விதானகே செய்திருப்பதும் அதுதான். ஊரை இழப்பது என்றால் என்னவென்று அறியாத பார்வையாளனுக்கும் ஒரு சிறுவனுக்கும் நாய்க்கும் இடையிலான பிரியம் தெரியும்.

அவரது முந்தைய படமான 'புரஹந்த களுவர' (1997) இதற்கு இன்னொரு சான்று. ஜோ அபேவிக்ரம நடித்த பார்வையற்ற தந்தை, முத்திரையிட்டு வந்த சவப்பெட்டியில் இருப்பது தன் மகன்தான் என்று நம்ப மறுக்கிறார். அதில் போர்க்களக் காட்சியே இல்லை. ஆனாலும் போர் எவ்வளவு கொடியது என்பது நமக்குப் புரிகிறது. 2000ஆம் ஆண்டில் அப்படத்தின் திரையிடலை அரசு தடுத்ததும், 2001இல் உயர் நீதிமன்றம் சென்றுதான் அது வழி பெற்றதும் அந்தப் பெட்டியின் வலிமையைக் காட்டும்.

இரண்டு படங்களுக்கும் எம்.டி. மஹிந்தபாலவின் ஒளிப்பதிவு துணை நிற்கிறது. நடிப்பும் சிறப்பு. ஆனால் இவையெல்லாம் அந்தத் தெரிவுக்குப் பின்னால் வருபவை. எதைக் காட்டுவது, எதைக் காட்டாமல் விடுவது, யாரருகில் நின்று பார்ப்பது என்ற தெரிவே பார்வையாளனுக்கு முதன்மையானது என்பேன்.

குறையும் உண்டு. மூன்று கதைகளை மாறி மாறிச் சொல்வதால் அரபாத்தின் வாப்பா, உம்மா ஆகியோரின் மனங்கள் போதிய அளவு விரியவில்லை. இளைஞரின் கோபத்திலும் உண்மை இருக்கிறது. நம் வாழ்வை உள்ளிருந்து அறிந்த ஒருவர் நாய்க்குப் பதிலாக ஆட்டைத் தெரிந்திருக்கலாம்.

ஆனால் அந்த ஒருவர் யார்? காசில்லை, கமரா இல்லை என்பது படமெடுக்காததற்குக் காரணமாகலாம். பேனா பிடிக்கும் நமக்கு அந்தச் சாட்டும் இல்லை. வெளியேற்றம் பற்றிய நமது எழுத்துகளில் திகதியும் தொகையும் கண்டனமும் நிறைய வருகின்றன. அவையும் வேண்டியவைதான். ஆனால் மூத்தம்மாவின் ஆடு இன்னும் கட்டியபடியே நிற்கிறது. அதை அவிழ்த்துவிடும் பொறுப்பு நமக்குரியது.