இலவசம் என்பதற்காக மட்டும் டர்போ சி வேண்டாம்

வடகரையிலிருந்து தென்காசிப் பக்கத்துக் கல்லூரிக்குப் போகும் மாணவர் எந்தக் கம்பைலரில் சி படிப்பது என்பதைப் பெரும்பாலும் அவர் முடிவு செய்வதில்லை. சீனியரின் பென் டிரைவ் முடிவு செய்கிறது. தமிழ்நாட்டு ஆய்வகங்களில் அப்படித்தான் டர்போ சி தலைமுறைகளைத் தாண்டி வந்திருக்கிறது.

அதன் பெருமையை மறுக்க முடியாது. கம்பைலர்கள் நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்ற 1983-இல் போர்லண்ட் நிறுவனம் டர்போ பாஸ்கலை 49.95 டாலருக்குக் கொடுத்தது. சொந்தக் காசில் கணினி வாங்கியவரும் நிரல் எழுதலாம் என்றானது அப்போதுதான். 1987-இல் அதே நிறுவனம் தந்த டர்போ சி-யும் அதே வழி: எழுத, தொகுக்க, பிழை தேட எல்லாம் ஒரே நீலத் திரையில். கன்ட்ரோலும் எஃப்9-உம் அழுத்தினால் நிரல் ஓடும். முதல் நாளிலேயே பயத்தைப் போக்கும் இந்த எளிமை இன்றைய கருவிகள் பலவற்றில் இல்லை.

ஆனால் அது 16 பிட் உலகம். இரண்டு இன்ட் மாறிகளில் 200-ஐ வைத்துப் பெருக்கிப் பாருங்கள். 40000 வராது, -25536 வரும். 32767-ஐத் தாண்டிய எண் அந்த இன்ட்டில் அடங்காது. கிளியர்ஸ்கிரீன், கெட்ச் என்று மாணவர் மனப்பாடம் செய்பவை சி தரத்திலேயே இல்லாதவை. சி++ 1998-இல் தரப்படுத்தப்பட்டபோது கைவிட்ட தலைப்புக் கோப்பு முறையைத்தான் இதன் சி++ வடிவமான டர்போ சி++ இன்றும் கேட்கிறது. தென்காசிப் பகுதியில் மென்பொருள் நிறுவனமான ஜோஹோ 2011-லேயே அலுவலகம் திறந்துவிட்டது. மென்பொருள் வேலை ஊருக்குப் பக்கத்தில் வந்த பிறகும் பிள்ளைகளை டாஸ் காலத்திலேயே நிறுத்துவது அநியாயம்.

மாற்றுக்குக் காசு தடையில்லை. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-இல் வெளியிட்ட ஜிசிசி கம்பைலர் அன்றிலிருந்தே இலவசம். தடை வேறு: கட்டளை வரியின் கறுப்புத் திரை, பத்து வரிக்கு நீளும் ஆங்கிலப் பிழைச் செய்தி. விஷுவல் ஸ்டுடியோ கம்யூனிட்டியும் தனிநபருக்கு இலவசம்தான். ஆனால் பல ஜிபி இறக்க வேண்டும், பழைய லேப்டாப் மூச்சு வாங்கும். இணையக் கம்பைலர் சிக்னல் இருக்கும்வரைதான். பிளஸ் ஒன் பாடநூல் தேர்ந்தெடுத்த டெவ் சி++ இவற்றுக்கு நடுவே நல்ல வழி. உள்ளே இருப்பது ஜிசிசி, அளவும் சிறியது. பழைய பதிப்பை மட்டும் தவிர்க்க வேண்டும்.

ஆய்வகத் தேர்வு டர்போ சி-யில்தான் என்றால் அதை டாஸ்பாக்ஸ் மென்பொருளில் தனியே வைத்துக்கொள்ளலாம். வீட்டுக் கணினியில் ஜிசிசி, எச்சரிக்கைகள் அனைத்தையும் காட்டும்படி அமைத்து. அறிவிக்காத மாறியைச் சுட்டி, இதைத்தான் சொல்ல வந்தீர்களா என்று கேட்கும் கம்பைலரிடம், ஆசிரியர் அருகில் இல்லாத இரவிலும் பாடம் கேட்கலாம்.