லோரென்ஸ் கட்டுரையும் நன்றியுரையில் ஒரு பெயரும்

ஒரு விஞ்ஞானியை எடைபோட இன்னிக்கு எல்லாரும் முதலில் பார்ப்பது சைட்டேஷன் எண்ணிக்கையைத்தான். எம்.ஐ.டி.யில் இருந்த வானிலையியலாளர் எட்வர்ட் லோரென்ஸ் விஷயத்தில் அந்தக் கணக்கு ரெண்டு இடத்தில் சறுக்குகிறது.

முதலாவது, காலம். 1963-ல் வந்த அவருடைய 'டிடர்மினிஸ்டிக் நான்பீரியாடிக் ஃப்ளோ' கட்டுரையில் இருப்பது மூன்றே சமன்பாடுகள். தொடக்கத்தில் துளி வித்தியாசம் இருந்தாலும் போகப்போகத் தீர்வுகள் முற்றிலும் வேறாகிவிடும் என்று அது காட்டியது. வெளியானதோ வளிமண்டல அறிவியல் இதழில். கணிதக்காரர்கள் அந்தப் பக்கமே போவதில்லை. எழுபதுகளில் ஜேம்ஸ் யார்க் கண்ணில் பட்ட பிறகுதான் அவர்களிடையே பரவியது. இப்போது சைட்டேஷன் இருபதாயிரத்தைத் தாண்டியாச்சு. 1970-ல் யாராவது எண்ணியிருந்தால், சுமாரான கட்டுரைன்னு ஒதுக்கியிருப்பாங்க.

இரண்டாவது, பெயர். அந்தக் கட்டுரையின் கணக்கீடுகளையும் வரைபடங்களையும் கம்ப்யூட்டரில் செய்து தந்தவர் எல்லன் ஃபெட்டர். லோரென்ஸ் அதை மறைக்கவில்லை. நன்றியுரையில் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார். யோசனை லோரென்ஸுடையது, அதில் சந்தேகமில்லை. ஆனா நன்றியுரையை எந்த சைட்டேஷன் கணக்கும் சேர்ப்பதில்லை. இருபதாயிரத்தில் ஃபெட்டரின் பங்கு பூஜ்யம்.

கோட் எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் எனக்கு இது கொஞ்சம் அதிகமாகவே உறுத்துது. அடுத்த முறை ஒரு பெரிய எண்ணைப் பார்த்து வியக்கும்போது, கட்டுரையையே திறந்து நன்றியுரையையும் ஒருதடவை படிச்சிடுங்க.