முதுமக்கள் தாழியை ரசிப்பது எப்படி?

பழைய எகிப்தின் ஈமப் பொருட்கள் என்றதும் பெரும்பாலோர் மனத்தில் எழுவது, 1922இல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டறிந்த துட்டன்காமன் கல்லறையும் அங்கிருந்து கிடைத்த பொன்முகக் கவசமும்தான். அந்தப் பொன்னொளியை எதிர்பார்த்துச் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் தொல்லியல் கூடத்துக்குள் நுழைபவர், தமிழகத்தின் இரும்புக்காலப் புதைகுழிகளிலிருந்து வந்த தாழிகளையும் பானைகளையும் துருவேறிய வாள்களையும் கண்டு சற்றே ஏமாற்றமடைந்து நகர்ந்துவிடக்கூடும். ஒரு பேரரசனின் கருவூலத்தையும் ஊர்மக்களின் இடுகாட்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பதே அந்த ஏமாற்றத்துக்குக் காரணம். நம் தாழிகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய எகிப்து, பிரமிடுகள் எழுவதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. பதாரி, நகாடா என்று அகழாய்வு நடந்த ஊர்களின் பெயரால் அறியப்படும் அக்காலத்து மக்கள், பாலை மணலில் குழி தோண்டி, இறந்தவரை முழங்கால் மடித்து ஒருக்களித்துக் கிடத்தி, சுற்றிலும் பானைகளையும் மணிகளையும் வைத்து மூடினார்கள்.

அந்த எகிப்தியப் பானைகளில் பலவற்றுக்கு உடல் சிவப்பு, வாய்ப்பகுதி கறுப்பு. தமிழகப் புதைகுழிகளில் ஏராளமாகக் கிடைக்கும் கறுப்பு–சிவப்புப் பாண்டத்துக்கும் உட்புறமும் விளிம்பும் கறுப்பாகவும் வெளிப்புறத்தின் கீழ்ப்பகுதி சிவப்பாகவும் இருக்கும். இது பூசிய வண்ணம் அன்று, சூளையில் பிறந்த நிறம். பானையைக் கவிழ்த்துச் சுடும்போது காற்றுப் படாத உட்புறமும் விளிம்பும் கறுத்துப்போக, காற்றும் தீயும் தடையின்றிப் பட்ட வெளிப்புறம் மண்ணிலுள்ள இரும்புச்சத்தால் சிவக்கிறது என்பதே பரவலான விளக்கம். ஒத்த நுட்பம் இருப்பதால் இரு நாட்டாருக்கும் உறவு இருந்தது என்று முடிவு கட்டிவிட முடியாது. கால இடைவெளி மிகப் பெரியது. பார்ப்பவர் கவனிக்க வேண்டியது இரு நிறங்களும் சந்திக்கும் இடத்தை. அது கோடு கிழித்தாற்போல் இராமல், ஓரிடத்தில் ஏறியும் ஓரிடத்தில் இறங்கியும், நடுவே பழுப்பாகக் கலங்கியும் செல்லும். ஒவ்வொரு பானையிலும் அந்த எல்லை வேறாக இருப்பதற்குக் காரணம், சூளையில் அன்று தீ நின்றெரிந்த விதமே. மேற்பரப்பின் மெல்லிய பளபளப்பு, சுடுவதற்கு முன் கூழாங்கல் போன்ற வழவழப்பான பொருளால் தேய்த்து ஏற்றியது. தோள்பகுதியில் கீறல் குறியீடுகள் இருந்தால் அவற்றையும் தேடிப் பார்க்க வேண்டும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது தாழியின் அளவையும் அதன் வாயையும். எகிப்தியர் இறந்தவரின் உடல் குலையாமலிருக்க, உள்ளுறுப்புகளை அகற்றி, நேட்ரான் எனும் இயற்கை உப்பில் உலர்த்தி, துணி சுற்றி முடிக்க எழுபது நாட்கள் எடுத்துக்கொண்டனர். தமிழகத்துப் பல புதைகுழிகளில் நடந்தது ஏறக்குறைய இதற்கு நேர்மாறு: உடல் தசை நீங்கிய பின் தேர்ந்தெடுத்த எலும்புகளை மட்டும் திரட்டித் தாழியில் இட்டார்கள். இதைத் தொல்லியலார் இரண்டாம் நிலை ஈமம் என்பர். முழு உடலையும் குந்தவைத்து இட்ட தாழிகளும் உண்டு. மணிமேகலை தன் காலத்து ஈம முறைகளாகச் சுடுதல், இடுதல், குழியில் புதைத்தல் முதலிய ஐந்தைச் சொல்லி, அவற்றுள் ஒன்றாகத் தாழியில் கவிப்பதையும் சேர்க்கிறது. புறநானூற்றின் 256ஆம் பாட்டில், கணவனை இழந்த பெண் குயவரிடம் தனக்கும் இடம் இருக்கும்படி தாழியை அகலமாக வனையச் சொல்கிறாள். அந்தப் பாட்டை அறிந்தவர் தாழியின் முன் நின்றால், அதன் அகலம் வெறும் அளவாகத் தோன்றாது.

எகிப்தியர் தம் மறுமை நம்பிக்கையைக் கல்லறைச் சுவரிலும் பாப்பிரஸ் சுருளிலும் எழுதிவைத்தார்கள். தாழியில் புதைத்தவர்களோ அப்படி ஒன்றும் எழுதி வைக்கவில்லை. ஆகவே எந்தப் பொருள், எந்த இடத்தில், எந்த நிலையில் வைக்கப்பட்டது என்பதே இங்கு எழுத்தின் வேலையைச் செய்கிறது. ஈமப் பொருட்களை ரசிப்பதன் சாரம் இந்த வைப்புமுறையைப் படிப்பதில்தான் இருக்கிறது. ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அகழ்ந்த அலெக்சாண்டர் ரீ, இரும்பு ஆயுதங்கள் முனை கீழ்நோக்கி, துக்கத்துக்கு வந்தோர் மண்ணில் குத்தி நிறுத்தினாற்போல் இருந்ததைக் குறித்திருக்கிறார். அருங்காட்சியகப் பலகையில் படுக்கவைத்த வாளைப் பார்க்கும்போது, அதை மனத்தால் நிமிர்த்தி, பிடி மேலாகவும் முனை கீழாகவும் ஒரு கை அதை அழுத்துவதைக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். அப்போது அது போர்க்கருவி என்பதைக் கடந்து ஒரு சடங்கின் எச்சமாகிவிடும். சில இரும்புப் பொருட்களின் துருவில் துணியின் நெசவுத் தடமும் ஒட்டியிருப்பது அணுகிப் பார்ப்பவருக்கு மட்டுமே கிட்டும் பேறு.

இரும்பைப் பற்றி இன்னொன்று. துட்டன்காமனின் மம்மியோடு கிடைத்த இரும்புக் குத்துவாள் விண்கல் இரும்பால் ஆனது என்று 2016இல் வெளியான ஆய்வு உறுதி செய்தது. மன்னனுக்கே வானத்திலிருந்து விழுந்துதான் இரும்பு கிடைத்தது. தமிழகத்திலோ தாதிலிருந்து உருக்கி எடுத்த இரும்பு ஊர் இடுகாடுகளில் தாராளமாகக் கிடைக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளைத் தாழிகளை ஒட்டிய இரும்பின் காலத்தை கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை கொண்டுசெல்லும் ஆய்வு முடிவுகளைத் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் வெளியிட்டது. அறிஞர்களிடையே விவாதம் தொடர்கிறது. பொன் இல்லையே என்று குறைப்பட வேண்டியதில்லை, ஆதிச்சநல்லூரில் மெல்லிய பொன் நெற்றிப்பட்டங்களும் கிடைத்தன. ஆனால் அவற்றைக் காட்டிலும் நெஞ்சைத் தொடுவது நெல். சிவகளைத் தாழியிலிருந்த நெல் கி.மு. 1155 என்று காலக்கணிப்பு பெற்றது. பழனி அருகிலுள்ள பொருந்தலில் நான்கு கால் ஜாடி ஒன்றில் ஏறத்தாழ 2 கிலோ நெல் இருந்தது.  இங்கே விதைத்தால் முளைக்கக்கூடிய தானியத்தை வைத்தார்கள்.

தொண்டை மண்டலத்தின் தனிச்சிறப்பு ஈமப்பேழை, அதாவது வரிசையாகக் குட்டைக் கால்கள் பொருந்திய, நீண்ட தொட்டி வடிவச் சுடுமண் பெட்டி. பல்லாவரம், மதுராந்தகம் அருகிலுள்ள சாணூர் முதலிய இடங்களில் இவை கிடைத்தன. எழும்பூரில் இவற்றைக் காண்போர் கால்களைக் குனிந்து பார்ப்பது நல்லது. இவ்வளவு பெரிய பெட்டியை விரிசலின்றிச் சுட்டெடுக்க எத்தனை பக்குவம் வேண்டும் என்பது அப்போதுதான் புலப்படும்.

திருவள்ளூரை அடுத்த காக்களூரிலிருந்து புறப்படுவோர்க்கு எழும்பூர் ரயில் தூரம்தான். பூண்டி அகழ்வைப்பகம் இன்னும் அருகில் இருக்கிறது. இரும்புக்கு வெகுகாலம் முந்திய கற்கருவிகளை அங்கே காணலாம். கும்மிடிப்பூண்டிப் பக்கம் அமிர்தமங்கலத்தில் 1955இல் இந்தியத் தொல்லியல் துறையின் என். ஆர். பானர்ஜி தாழிப் புதைகுழிகளை அகழ்ந்தார். இன்று கிடங்குகளும் ஆலைகளும் நிற்கும் வட்டாரம் ஈமக்காடுகளும் கொண்டிருந்தது என்பதற்கு அதுவே சான்று. இத்தகைய நிலத்தில் கற்கள் வட்டமாகப் பதிந்திருந்தால் அது கல்வட்டமாக, அதாவது புதைகுழியின் மேலடையாளமாக இருக்கலாம். அடித்தளம் தோண்டும் பொக்லைன் ஒரு தாழியின் விளிம்பைத் தட்டினால், உள்ளே என்ன இருக்கிறது என்று கையை விட்டுத் துழாவாமல், பானையை வெளியே எடுத்து வைக்காமல், வேலையை அங்கேயே நிறுத்தி வட்டாட்சியருக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ தெரிவிக்க வேண்டும். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டமும் கண்டெடுத்ததை ஆட்சியருக்கு அறிவிக்கச் சொல்கிறது. இடம் பெயர்த்தெடுத்த தாழி அழகாக இருக்கலாம், ஆனால் அதனருகே எது, எந்தத் திசையில், எந்த முனை கீழாக இருந்தது என்பதை அதன் பிறகு யாராலும் படிக்க முடியாது.