சார்பும் சான்றும்

பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் சமுதாயப் பிரச்சினை குறித்து எழுதினால் நம்மிடையே முதலில் எழும் வினா, 'அவர் எந்தப் பக்கம்?' என்பதே. 'என்ன சான்று காட்டியுள்ளார்?' என்னும் வினா இரண்டாவதாகக்கூட எழுவதில்லை. அரபுக் கல்லூரியில் ஓதிக்கொண்டே அஞ்சல் வழியில் பட்டம் பயிலும் நம் மாணவர்களும் இப்பழக்கத்திற்கு ஆளாகி வருகின்றனர். இதைச் சற்று ஆராய்வது அவசியம்.

இது பற்றி இரு கருத்துகள் உலவுகின்றன. பேராசிரியருக்கு அரசியலே கூடாது என்பது ஒன்று. சார்பில்லாத மனிதர் இல்லை, ஆகவே எல்லா ஆய்வும் பிரச்சாரமே என்பது மற்றொன்று. முன்னது நடவாதது, பின்னது நேர்மையாளரையும் பொய்யரையும் ஒரே தட்டில் வைப்பது. ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் வேபர் 1917இல் மியூனிக் நகரில் ஆற்றிய புகழ்பெற்ற உரையில், வகுப்பறை அரசியல் மேடையன்று என வாதிட்டார். எதிர்த்துப் பேச இயலாத மாணவர் முன் ஆசிரியர் கட்சி பேசுவது முறையன்று என்பது அவர் கருத்து. ஆயினும் அவர் வேண்டியது கொள்கையற்ற ஆசிரியரையல்ல. ஒவ்வொரு தரப்பிற்கும் கசப்பான உண்மைகள் உண்டு. அவற்றை ஏற்க மாணவரைப் பழக்குவதே ஆசிரியரின் முதற்பணி என்றார்.

இச்சிந்தனை நமக்குப் புதிதன்று. அறிவிப்பாளர்களை எடைபோடும் 'ஜர்ஹ் - தஅதீல்' கலை, வேபருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இவ்வினாவை எதிர்கொண்டது. இம்ரான் இப்னு ஹித்தான் காரிஜியாக் கவிஞர். அலீ (ரலி) அவர்களைக் கொன்றவனைப் புகழ்ந்து பாடியவர். அவ்வளவு கொடிய சார்புடையவரின் அறிவிப்பும் இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. அதைக் குறைகூறியோரும் உண்டு. எனினும் ஹதீஸ் அறிஞர் பலர் கைக்கொண்ட நெறி தெளிவானது: வாய்மை நிரூபணமானால் கொள்கை மாறுபாடு மட்டுமே ஒருவரைத் தள்ளிவிடாது; ஆனால் தம் கொள்கைக்கு அழைப்பு விடுப்பவர் அதற்கே துணைசெய்யும் செய்தியைக் கொண்டுவரும்போது இருமடங்கு எச்சரிக்கை வேண்டும்.

அவ்வெச்சரிக்கை விமர்சகர்மீதும் பாய்ந்தது. கூஃபாவாசிகளைப் பற்றி ஜூஸஜானீ கூறிய குறைகளை அப்படியே ஏற்கலாகாது என்று இப்னு ஹஜர் (ரஹ்) குறித்தார்கள். ஏனெனில் அவர்கள்பால் அவருக்கிருந்த வெறுப்பு அறியப்பட்டதாகும். அலீ இப்னுல் மதீனீ (ரஹ்) அவர்களோ தம் தந்தையையே பலவீனமான அறிவிப்பாளர் என்று அறிவித்தார்கள். தொழில் நேர்மை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இவ்வுரைகல்லை நம் வடசென்னையின் வரலாற்றிலேயே உரசிப் பார்ப்போம். இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் எனத் துறைமுகத்தையும் ஆலைகளையும் நம்பி வாழ்ந்த இப்பகுதியின் தொழிலாளர் வரலாற்றில் பெரம்பூர் பக்கிங்காம் - கர்நாட்டிக் ஆலைகளுக்குத் தனியிடம் உண்டு. 1918 ஏப்ரலில் அங்குள்ள தொழிலாளர்களைக் கொண்டே சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் அதன் முன்னணியில் நின்றனர். 1921இல் அவ்வாலைகளில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. சாதி இந்துத் தொழிலாளரும் முஸ்லிம் தொழிலாளரும் வேலைநிறுத்தத்தில் நின்றனர். ஆதிதிராவிடத் தொழிலாளரில் பெரும்பாலோர் வேலைக்குச் சென்றனர். புளியந்தோப்பில் கலவரம் வெடித்தது, குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அவ்வாண்டு அக்டோபரில் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது.

இந்நிகழ்ச்சியை எழுதுவோர் ஒவ்வொருவருக்கும் ஒரு கசப்பான உண்மை காத்திருக்கிறது. முதலாளிகள் சாதியைக் காட்டித் தொழிலாளரைப் பிரித்தனர் என எழுதும் இடதுசாரி அறிஞர், எரிந்தவை யாருடைய குடிசைகள் என்பதையும் கூற வேண்டும். நீதிக்கட்சியின் சமூகநீதிப் பணியைப் போற்றும் அறிஞர், தியாகராயர் உள்ளிட்ட அதன் தலைவர்கள் அப்போது ஆதிதிராவிடருக்கு எதிராக நின்றதையும், எம்.சி. ராஜா அக்கட்சியை விட்டு விலகிச் சென்றதையும் மறைத்தலாகாது. ஆதிதிராவிடர் துயரை எழுதும் அறிஞர், அம்மக்களின் வறுமையை ஆலை நிர்வாகமும் ஆங்கில அரசும் தம் ஆதாயத்திற்குப் பயன்படுத்தின என்பதையும் பதிவுசெய்தாக வேண்டும். முஸ்லிம்களாகிய நமக்கும் இதில் விலக்கில்லை. கிலாஃபத் இயக்க காலத்தின் தியாகங்களை நினைவுகூரும் நாம், அதே ஆண்டில் புளியந்தோப்பில் நம்மவர் எந்த அணியில் நின்றனர் என்பதைப் பேசுவதேயில்லை.

இவ்விடத்தில் பேராசிரியர் வீரராகவனைக் குறிப்பிடுதல் பொருந்தும். பார்வையிழந்த நிலையிலும் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வரலாறு கற்பித்தவர் அவர், 2009இல் மறைந்தார். 1918 முதல் 1939 வரையிலான சென்னைத் தொழிலாளர் இயக்கம் பற்றிய அவரது ஆய்வு 2013இல் ஆங்கில நூலாக வெளிவந்தது. அவருடைய இடதுசாரிச் சார்பு ஒளிவுமறைவற்றது. ஆயினும் தொழிலாளர் ஒற்றுமையை நாடுவோருக்குக் கசப்பான 1921ஆம் ஆண்டுப் பிளவையும் அந்நூல் பேசுகிறது. அவருடைய முடிவுகளோடு உடன்படாதவரும் ஆவணங்களைத் தேடிச் சென்று அவரைச் சரிபார்க்கலாம், மறுக்கவும் செய்யலாம். சார்பு வெளிப்படையாக இருப்பதும் சான்று பிறர் சோதனைக்குத் திறந்திருப்பதுமே ஆய்வாளரின் அமானிதம். கொள்கை அவருடையது, அவர் நிறுவிய உண்மையோ அனைவருக்கும் உரியது.

செய்திகளில் பொய் புகும் காரணங்களை இப்னு கல்தூன் 1377இல் எழுதிய தம் முகத்திமாவில் வரிசைப்படுத்தினார். கொள்கைச் சார்பு அவற்றுள் முதன்மையானது. அதிகாரமும் செல்வாக்கும் உடையோரை அண்டிப் புகழ்பாடுவதும் அவ்வரிசையில் உண்டு. முன்னதைக் கண்டிக்கும் நாம் பின்னதை மறந்துவிடுகிறோம். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே அமோனியா கசிந்து, மக்கள் மூச்சுத்திணறி வீடுகளைவிட்டு ஓடினர். அத்தகைய வேளைகளில் மீனவர் தேடுவது, நீரையும் காற்றையும் அளந்து உள்ளதை உள்ளவாறு கூறும் அறிஞரை. எக்கட்சியையும் சாராதவர் என்பது மட்டும் அவருக்குப் போதிய தகுதியாகாது. நிறுவனத்தின் நிதியையோ அரசின் தயவையோ எதிர்பார்த்து மௌனம் காப்பவரும் சார்புடையவரே. அச்சார்புக்குக் கொடியில்லை, ஆகவே அது கண்ணுக்குப் படுவதில்லை.

மறுபுறம், சார்பு என்னும் குற்றச்சாட்டே அறிஞரை அடக்கும் கருவியாவதும் உண்டு. 2019 நாடாளுமன்றத் தேர்தல் முடிவுகளைப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்த சப்யசாச்சி தாஸ் என்பவரின் கட்டுரை 2023இல் பெரும் சர்ச்சைக்குள்ளானது. அவர் பணியாற்றிய அசோகா பல்கலைக்கழகம் அக்கட்டுரையிலிருந்து தன்னை விலக்கிக்கொண்டது; ஆகஸ்டில் அவர் பதவி விலகினார். அக்கட்டுரையின் கணக்கு சரியா, தவறா என்பதைத் துறையறிஞர் தீர்மானித்திருக்க வேண்டும். கணக்கைச் சோதிக்குமுன் கணக்கிட்டவரின் உள்நோக்கத்தைச் சோதிக்கும் நாட்டில், கசப்பான உண்மையைச் சொல்ல எவர் முன்வருவார்?

இவ்வநீதி பிறர் செய்யும்போது நமக்கு வலிக்கிறது. நாமோ, நமக்கு ஆதரவாக எழுதும் பேராசிரியரைச் சான்று கேளாமலே மேடையேற்றுகிறோம். குறைகூறும் பேராசிரியரைச் சான்றைப் பாராமலே 'விரோதி' என்கிறோம். ஒரு கூட்டத்தார்மீதுள்ள பகைமை நம்மை நீதி தவறச் செய்துவிடலாகாது என்பது திருமறையின் கட்டளை (5:8). பகைக்கு விதித்த இவ்வெல்லை, உறவுக்கும் உண்டு; சொந்தத் தந்தையைப் பற்றியும் உள்ளதைச் சொன்ன அறிஞரின் வழிவந்தவர்கள் நாம். அவ்வழியைப் பாடமாக ஓதும் நம் மாணவர்கள், நாளை தம்மைப் பற்றி எழுதப்படும் ஆய்வைக் கையிலெடுக்கும்போது, எழுதியவர் பெயருக்கு முன் அவர் காட்டும் சான்றைப் புரட்டிப் பார்ப்பார்களாயின் அக்கல்வி பயன் தந்ததாகும்.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.