ரஹ்மத்: சொல்லும் பொருளும்

பிள்ளை பிறந்தால் அப்துர் ரஹ்மான் என்று பெயர் சூட்டுகின்றோம். கோடையில் மழை பொழிந்தால் ரஹ்மத் இறங்கிற்று என்று மகிழ்கின்றோம். மறைந்தவர் பெயருக்கு முன்னே மர்ஹூம் என்று எழுதுகின்றோம். தொட்டில் முதல் மண்ணறை வரை ஒரே வேர்ச்சொல் நம்முடன் வருகின்றது. திருக்குர்ஆனின் 114 அத்தியாயங்களுள் 113-இன் முகப்பில் நிற்பதும் அவ்வேரில் கிளைத்த சொற்களே. இத்துணை நெருக்கமான ஒரு சொல்லை நாம் எப்பொருளில் ஆளுகின்றோம் என்று ஆராய்வது நம் கடமை.

முதலில் மொழிபெயர்ப்பை நோக்குவோம். பிஸ்மில்லாஹ்வில் அடுத்தடுத்து வரும் ரஹ்மான், ரஹீம் என்னும் இரு திருநாமங்களும் ஒரே வேருக்குரியவை. முன்னதன் சொல்லமைப்பு நிறைந்து பொங்கும் நிலையை உணர்த்தும். பின்னதன் அமைப்பு நீங்காது நிலைத்த பண்பை உணர்த்தும். விரிவுரையாளர் பலர், முன்னது இம்மையில் படைப்பினம் அனைத்தையும் தழுவுவது என்றும், பின்னது மறுமையில் நம்பிக்கையாளர்க்குச் சிறப்பாக உரியது என்றும் விளக்குவர். தமிழில் ஒன்றை அருளாளன் என்றும் மற்றொன்றை அன்புடையோன் என்றும் பெயர்த்தால் வேறுபாடு விளங்குகின்றது, வேர் மறைகின்றது. இரண்டையும் அருள் என்னும் சொல்லாலேயே பெயர்த்தால் வேர் விளங்குகின்றது, வேறுபாடு மறைகின்றது. இதற்காக மொழிபெயர்ப்பாளரை நாம் குறைகூற மாட்டோம். ஒரு மொழியின் வேரை அப்படியே பெயர்த்து வேறொரு மொழியில் நடுதல் எளிதன்று.

ஆயினும் இரக்கம் என்னும் சொல்லை இறைவன்பால் ஏற்றிக் கூறுவோர் சற்றே நின்று எண்ணுதல் வேண்டும். இரங்குதலில் துயரம் உண்டு. நெய்தல் திணைக்கு நம் முன்னோர் இரங்கலை உரிப்பொருளாக வைத்ததும் அதனாலன்றோ? நெஞ்சம் நெகிழ்ந்து துயருறுதல் படைப்புகளின் தன்மை. அது படைத்தவனுக்குப் பொருந்தாது என்பதனாலேயே, அவனது ரஹ்மத் என்பது நன்மை வழங்க நாடும் அவனது நாட்டமே என்று அகீதா அறிஞர் விளக்கினர். ஆகவே அருள் என்பதே நமக்குக் கிடைத்துள்ள சொற்களுள் பெரிதும் பொருந்துவது.

அரபியில் ரஹிம் என்று குறிலாக ஒலித்தால் தாயின் கருவறை என்பது பொருள். இரத்த உறவுக்கும் அதுவே பெயர். அவ்வுறவுக்கு ரஹ்மான் என்னும் தன் திருநாமத்திலிருந்தே இறைவன் பெயர் வழங்கினான் என்றும், அதனைத் துண்டிப்பவனைத் தானும் துண்டிப்பதாக அவன் அறிவித்தான் என்றும் நபிமொழி கூறுகின்றது. வள்ளுவரும் பொருள்செயல்வகை அதிகாரத்தில் அருளை அன்பு ஈன்ற குழந்தையாகவும், செல்வத்தை அக்குழந்தையை வளர்க்கும் செவிலியாகவும் காட்டுகின்றார். இருவேறு மொழிகள் ஒரே தாய்மைச் சாயலில் அருளைக் கண்டிருப்பது எண்ணி மகிழத்தக்கது.

இனி அன்றாட வழக்கிற்கு வருவோம். கருணை மனு என்கின்றோம், கருணை மதிப்பெண் என்கின்றோம். உரிமையில்லாத இடத்தில் மேலிருப்பவர் கீழிருப்பவர்க்கு அளிக்கும் சலுகையே இங்கெல்லாம் கருணை எனப்படுகின்றது. பேச்சு வழக்கில் "பாவம் பார்த்து விட்டுவிட்டேன்" என்பாரும் உளர். இரங்கத்தக்கவரைக் குறிக்கவும் குற்றத்தைக் குறிக்கவும் ஒரே சொல் வழங்குவது விந்தையே! இவ்வழக்குகளில் பழகிய காதுக்கு ரஹ்மத் என்பதும் சலுகையாகவே ஒலிக்கத் தொடங்கிவிடுகின்றது. தீங்கு அங்கேதான் பிறக்கின்றது.

தந்தை மறைந்தபின் சொத்தைத் தமக்குள் பிரித்துக்கொள்ளும் சகோதரர் சிலர், உடன்பிறந்த பெண்களின் பங்கை மட்டும் பேசாமல் விட்டுவிடுகின்றனர். கேட்டால், "திருமணத்தின்போது நகை போட்டோமே; பெருநாளைக்குச் சேலை எடுத்துக் கொடுக்கின்றோமே; அவள்மேல் எங்களுக்கு இரக்கமில்லையா?" என்கின்றனர். சூரத்துன் நிஸாவின் 11-ஆம் வசனம் மகளுக்குரிய பங்கை அளந்தே கொடுத்துவிட்டது. இந்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டமும் வாரிசுரிமையில் ஷரீஅத்தையே விதியாக ஏற்றது. அளந்து கொடுக்கப்பட்டது ஹக்கு. ஹக்கை வைத்துக்கொண்டு சேலை கொடுப்பதற்கு ரஹ்மத் என்று பெயரிடுதல் பொருந்துமா? ஒரே ரஹிமில் பிறந்தவளுக்கு உரியதை மறுப்பவர் ரஹ்மத் என்னும் சொல்லை அதன் வேரிலேயே வெட்டுகின்றார்.

உரிமைக்கு அப்பால் வழங்குவதும் ரஹ்மத்தே. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் உரிமையைக் கொடுத்த பின்னரே அதற்கு இடமுண்டு. கேட்பவர்க்கும் கேளாத வறியவர்க்கும் செல்வரின் பொருளில் உரிமை உண்டு என்றே இறைமறை பேசுகின்றது. இன்னும் ஒருபடி மேலே, இறைவன் அருளைத் தன்மீதே விதியாக்கிக் கொண்டதாகச் சூரத்துல் அன்ஆம் அறிவிக்கின்றது. எவருக்கும் கடன்படாதவனே அருளைத் தன்மீது விதித்துக் கொண்டிருக்க, பங்காளியாகிய நாம் அதனை நம் விருப்பம்போல் வழங்கும் சலுகை என்று கருதலாமா?

பெருமானார் (ஸல்) அவர்கள் தம் பேரரை முத்தமிட்டதைக் கண்ட அக்ரஉ இப்னு ஹாபிஸ், தமக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்றார். அருள் காட்டாதவர்க்கு அருள் காட்டப்படாது என்பது அண்ணலார் தந்த விடை. தம் பிள்ளைக்கு ஈயும் முத்தத்தையும் அவர்கள் ரஹ்மத்தின் கணக்கிலேயே சேர்த்தார்கள். அருள் பழகும் முதற்பள்ளி வீடே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மர்ஹூம் என்பதற்கு அருளப்பெற்றவர் என்பது பொருள். இறைவன் அருள்புரிவானாக என்னும் இறைஞ்சுதலாகவே அதனை வழங்குகின்றோம். தந்தையின் பெயருக்கு முன்னே அச்சொல்லை எழுத எடுக்கும் பேனாவால், முதற்கண் உடன்பிறந்தாளின் பங்கை எழுதிக் கொடுப்போமாக. அந்தத் துஆவுக்கு அதுவே அழகு.