ஐந்து உயிரும் ஓர் அம்பும்

ஆடித் திங்கள் பதினேழாம் நாளும் பதினெட்டாம் நாளும் கொல்லிமலையில் வல்வில் ஓரிக்கு அரசு விழா எடுக்கிறது. நாமக்கல்லிலிருந்தும் சேந்தமங்கலத்திலிருந்தும் இராசிபுரத்திலிருந்தும் மக்கள் மலையேறுகின்றனர்; எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து செம்மேடு சென்று சேர்கின்றனர். சிலைக்கு மாலை, மேடைக்குத் தோரணம், பேச்சாளர்க்குப் பொன்னாடை! மேடையேறுவோர் மறவாமல் முழங்கும் செய்தி ஒன்றுண்டு: ஓரி ஒரே அம்பால் ஐந்து உயிர்களை வீழ்த்தினான் என்பதே அது. கைத்தட்டல் மலையை அதிர வைக்கிறது.

தமிழ் மன்னனுக்குத் தமிழ் மக்கள் விழா எடுப்பது தக்கதே. அதைக் குறை கூற நாம் வரவில்லை. ஆனால், எதற்காகக் கைதட்டுகிறோம் என்று கேட்கும் உரிமை இலக்கியம் பயில்வோர்க்கு உண்டு. புராணத்தை உரைத்துப் பார்த்த அதே கல்லில் புறநானூற்றையும் உரைத்துப் பார்க்க அஞ்சுகிறவன் பகுத்தறிவாளன் ஆகமாட்டான். பிறர் பொய்யைச் சுடுவது எளிது; நம் பெருமையைச் சுட்டுப் பார்ப்பதே துணிவு.

செய்திக்கு மூலம் புறநானூற்று 152ஆம் பாடல்; பாடியவர் வன்பரணர். அம்பு முதலில் யானையை வீழ்த்துகிறது, புலியைத் துளைக்கிறது, புள்ளிமான் கலையை உருட்டுகிறது, காட்டுப் பன்றியைச் சாய்க்கிறது, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பின் உடலில் தைத்து நிற்கிறது. நடக்கக் கூடியதா இது? அங்குலத் தடிப்புள்ள யானைத் தோலையும் அதன் கீழுள்ள தசையையும் எலும்பையும் கடந்து ஓர் அம்பு மேலும் நான்கு உடல்களைத் துளைக்குமா? துளைக்காது! இது உயர்வு நவிற்சி. அதைக் கவிதையாகச் சுவைப்போம்; வரலாறாக நம்பச் சொன்னால் மறுப்போம்.

அம்பு உயிரைப் போக்கும் முறையை அறிந்தவர்க்கு இந்தப் பாட்டு வேறொரு கேள்வியையும் எழுப்பும். துப்பாக்கிக் குண்டு அதிர்ச்சியாலும் தாக்கும். அம்போ குருதிக் குழாய்களை அறுத்தே கொல்லும். நெஞ்சுக் கூட்டில் தைத்தால் மான் சில நொடிகளில் சாயலாம். வயிற்றில் தைத்தாலோ அம்போடு ஓடி, புதரில் ஒடுங்கி, பல மணி நேரம் துடித்தே மடியும். ஆகவே, நேர்மையான வில்வேடன் மிக அருகில் நெருங்கும்வரை பொறுத்திருப்பான். நெஞ்சு நேர்ப்படாவிட்டால் நாணைத் தளர்த்துவான். புண்பட்ட விலங்கை இருட்டிலும் தேடிச் சென்று அதன் துன்பத்தை முடிப்பான். அமெரிக்காவில் உரிமம் பெற்று வில்லால் மான் வேட்டையாடுவோர் இன்றும் உளர். இங்கிலாந்தோ 1963ஆம் ஆண்டின் மான் சட்டத்தாலேயே அம்பை விலக்கிவிட்டது. புண்பட்ட மானின் துடிப்பு, அங்கே நாடாளுமன்றம் வரை சென்ற கேள்வி.

நம் இலக்கியத்தில் அந்தப் புண்பட்ட மானின் கதி என்ன? அகப்பொருளில் ‘கெடுதி வினாதல்’ என்றொரு மரபுண்டு. தினைப்புனம் காக்கும் பெண்ணிடம் தலைவன் வருகிறான். தப்பிய வேட்டை விலங்கு இவ்வழி வந்ததோ எனக் கேட்கிறான். கபிலரின் குறிஞ்சிப்பாட்டிலும் அவன் கேட்கிறான். திருக்கோவையாரில் ‘வேழம் வினாதல்’, ‘கலைமான் வினாதல்’ என்று துறைகளாகவே அது அமைந்துவிட்டது. பெண்ணோடு பேச்சைத் தொடங்க அது நயமான வாயில், மறுக்கவில்லை. ஆனால், பேச்சுத் தொடங்கியதும் மான் மறைந்துவிடுகிறது. காதல் கனிகிறது, பாட்டு முடிகிறது; அம்பு தைத்த மான் எங்கே விழுந்தது, எவ்வளவு நேரம் துடித்தது என்று தலைவனும் கேட்கவில்லை, புலவனும் கேட்கவில்லை. உயிர் ஒன்றின் வேதனை, உரையாடலுக்கு ஒரு சாக்காகச் சுருங்கிப் போயிற்று!

மீண்டும் ஓரியிடம் வருவோம். கொன்றவன் யார் என்று வியக்கும் வன்பரணர், இவன் இறைச்சி விற்றுப் பிழைக்கும் வேடனாகத் தோன்றவில்லை, செல்வம் மிக்கவன், ஆரம் தவழும் மார்பினன் என்று அடையாளம் காண்கிறார். இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். விற்றுப் பிழைப்பவன் செய்தால் தொழில். வேந்தன் செய்தால் புகழா? கோவூர் கிழாரின் 33ஆம் புறப்பாட்டில் ஒரு வேட்டுவன் வருகிறான். மான் தசையைக் கூடையில் கொண்டுவந்து சொரிகிறான். உழவர் வீட்டுப் பெண் நெல் அளந்து கொடுக்கிறாள். அவனுக்கு அம்பு, ஏர். காடு, கழனி. அவன் கொன்றது அடுப்பெரிவதற்காக. ஆனால், சிலை அவனுக்கில்லை. அவன் பெயரைக்கூட யாரும் எழுதி வைக்கவில்லை.

ஓரிக்கும் நீதி செய்வோம். பசித்து வந்த பாணர்க்கும் விறலியர்க்கும் அவன் இறைச்சி தந்தான், மது தந்தான், தன் மலைப் பொன்னையும் அள்ளித் தந்தான். தன் பெயரைச் சொல்லிப் புகழ்ந்தபோது நாணினான். அந்த நாணம் அந்த அம்புக்கும் மேலான அணி! ஆனால், அந்த விருந்தில் பரிமாறப்பட்டது எது? மான் இறைச்சி. வீழ்ந்தவை ஐந்து, பாட்டுக்குள் கலத்திற்கு வந்தது ஒன்று. யானையும் புலியும் எந்தப் பாணனின் பசியைத் தீர்த்தன? பசிக்கு மான் போதும். புகழுக்குத்தான் ஐந்தும் தேவைப்பட்டன. தேவைக்குக் கொல்வதற்கும் பெருமைக்குக் கொல்வதற்கும் உள்ள எல்லைக்கோடு, அந்தப் பாட்டின் நடுவிலேயே ஓடுகிறது. ஐந்துயிரை வென்ற வில்லும் ஓரியைக் காக்கவில்லை. மலையமான் காரி அவனைக் கொன்று கொல்லியைச் சேரர்க்குக் கொடுத்தான் என்கிறது அகநானூற்று 209ஆம் பாடல்.

தமிழ்ப் பேரிலக்கியம் இத்துடன் நின்றுவிட்டதா? இல்லை. வீரை வெளியனார் பாடிய 320ஆம் புறப்பாட்டைப் பாருங்கள். வேடன் அயர்ந்து உறங்குகிறான். மற்ற மான்களை ஈர்க்க அவன் வளர்க்கும் பார்வைப் பிணையிடம் காட்டுக் கலை ஒன்று வந்து கூடி விளையாடுகிறது. வேடனின் மனைவி அதைக் காண்கிறாள். ஓர் ஓசை செய்தால் கணவன் எழுவான். கலை பிணையைப் பிரிந்து ஓடும். இரண்டுக்கும் அஞ்சி அசையாது இருக்கிறாள். மான்தோலில் உலர்த்திய தினையைக் காட்டுக்கோழிகள் தின்றுவிடுகின்றன, அப்போதும் அசையவில்லை. அவள் புலால் வெறுத்தவள் அல்லள். பாணனுக்கு இறைச்சி விருந்து கிடைக்கும் வீடுதான் அது. கொன்று தின்னும் குடிசையிலும் கொல்லக் கூடாத நேரம் ஒன்று உண்டு என்று அவள் அறிந்திருந்தாள். எந்த வேதம் அவளுக்கு அதைக் கற்பித்தது? எந்த நரகத்திற்கு அஞ்சினாள்? எதுவுமில்லை. கண்ணால் கண்டாள், நெஞ்சால் உணர்ந்தாள். கடவுளை இடையில் நிறுத்தாத அறம் அது.

காலமும் மாறிற்று. வெள்ளையர் ஆட்சியில் 1879ஆம் ஆண்டு நீலகிரிக்கு வேட்டை விலங்குக் காப்புச் சட்டமும், 1882ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டமும் வந்தன. துப்பாக்கிக்காரரின் வேட்டை விளையாட்டெனப் பெயர் பெற்றது; மலைமகனின் வேட்டை குற்றமெனப் பெயர் பெற்றது. விடுதலைக்குப் பின் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் 1991ஆம் ஆண்டின் திருத்தமும் சீமான்களின் உரிம வேட்டைக்கும் முடிவு கட்டின. ஓரி இன்று அந்த அம்பை எய்தால் சிலை கிடைக்காது, சிறைதான் கிடைக்கும்!

எனவே, விழா நடத்துவோர்க்கு நம் வேண்டுகோள் இது. ஓரியின் ஈகையைப் பாடுங்கள், நாணத்தைப் பாடுங்கள். வில்வித்தையை வளருங்கள், பலகையில் வரைந்த வட்டம் மலைவாழ் இளைஞனின் குறிக்குப் போதும். ஐந்து பிணங்களை எண்ணிக் கைதட்டும் பழக்கத்தை மட்டும் விட்டொழியுங்கள். அடுத்த ஆடியில் செம்மேட்டு மேடையில் 152ஆம் பாடலோடு 320ஆம் பாடலையும் படிக்கச் செய்யுங்கள்.

அம்பு எய்தவனுக்குச் சிலை இருக்கிறது. உறங்கும் கணவனையும் விளையாடும் மானையும் எழுப்பாமல் அமர்ந்திருந்த பெண்ணுக்குச் சிலை இல்லை. நம் இளைஞர் நெஞ்சில் ஓர் இடமாவது அவளுக்குக் கிடைக்கட்டும்!